சின்னம்மா வைத்த கெம்போங் மீன் குழம்பு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உங்களில் பெரும்பாலோருக்கு எங்கள் சின்னம்மாவைத் தெரியும். அவர் சமைத்த மீனைச் சாப்பிட்டுப் பார்த்தவர்கள் மிகவும் குறைவு. அது ஏன் அப்படி ஆனது என்பதைச் சேர்க்காமல் அவருடைய வாழ்க்கையை எழுதினால் அது பாதிப் பொய்யாகிவிடும். ஆகவே இந்த முதலாண்டு நினைவு நாளில், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். மரியாதைக் குறைவாக எங்காவது பட்டால் அந்தப் பழி என் மேல் இருக்கட்டும். சின்னம்மா தம் பங்குப் பழியை ஏற்கெனவே சுமந்து முடித்துவிட்டார்.

சின்னம்மா சிலாங்கூர் கடலோரத்து ஜெராமுக்கு அருகில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவருடைய தந்தையார் செம்பனைக் குலை வெட்டியவர். தாயார் புல் வெட்டியவர். கடல் சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருந்தது. வேலை முடிந்த பிறகு அவருடைய தந்தையார் சுங்கை செம்பிலாங் படகுத்துறை வரை மிதித்துப் போய், படகு வந்து சேரும் நேரத்தில் காத்திருந்து, மொத்த வியாபாரிகள் கழித்துப் போட்ட மீனை வாங்கி வருவாராம். பெரும்பாலும் கெம்போங், சில நாள் தம்பான். இரண்டும் எண்ணெய்ப் பசை மிகுந்த மீன்கள். வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தாலும் கெட்டுவிடும். வீட்டில் ஐஸ் பெட்டி கிடையாது. வந்த உடனே ஆய்ந்து, வந்த உடனே சமைத்தாக வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நிறுத்தப்பட்டு, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்ட சின்னம்மாவுக்கு அந்த வேலை அப்படித்தான் கைக்கு வந்தது.

இருபது வயதில் அவருக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். மாப்பிள்ளை வேலைக்கென்று சிங்கப்பூர் போனார், திரும்பி வரவில்லை. அங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டது என்று பிறகு தெரிந்ததாம். விட்டுப் போனது அவர். ஆனால் பேர் வந்தது சின்னம்மாவுக்கு. புருஷன் விட்டவள் என்ற அந்தப் பேரோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர், வாசலில் ஒரு பெஞ்சு போட்டு லோரிக்காரர்களுக்கு மதியச் சோறு விற்கத் தொடங்கினார். சோறு, ஒரு கீரை, மீன் குழம்பு. வேறு எதுவும் இல்லை.

எங்கள் அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுநர். பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அந்த வழியாகத்தான் போய் வருவார். எங்கள் அம்மா காய்ச்சலில் காலமானபோது அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஆறு. ஓராண்டுக்கு மேல் ஆன பிறகு, அப்பா சின்னம்மாவைக் கோவிலில் தாலி கட்டி அழைத்து வந்தார்.

இடைப்பட்ட அந்தக் காலத்தில் எங்களைக் குளிப்பாட்டி, சோறு போட்டு, பள்ளிக்கு அனுப்பியவர் அப்பாவின் அக்கா. அதே லயத்தில் இரண்டு வீடு தள்ளி இருந்த எங்கள் அத்தை. அந்த உதவியை நான் மறக்கவில்லை. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து எழுதப்போவதும் அவரைப் பற்றித்தான்.

சின்னம்மா எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாள் மீன் குழம்பு வைத்தார். வாசனை லயம் முழுக்கப் பரவியது. நானும் அண்ணனும் தட்டைத் தூக்கிக்கொண்டு உட்காரப் போனோம். அத்தை பின்வாசலில் நின்று அண்ணனைக் கூப்பிட்டார். நானும் கூடவே போனேன்.

"அந்தப் பொம்பள கையால எதையும் வாங்கித் தின்னுடாத," என்றார் அத்தை. "குழம்புல மருந்து போட்டுத்தான் ஒங்கப்பன மயக்கி வச்சிருக்கா. இல்லன்னா பொண்டாட்டி செத்த ஈரம் காயறதுக்குள்ள எவனாவது இன்னொருத்திய கூட்டியாருவானா? மீன் குழம்புல போட்டா தெரியாது. புளிப்பும் காரமும் மூடிரும்."

வசிய மருந்தைத்தான் அத்தை சொன்னார். எனக்குப் புரியவில்லை. அண்ணனுக்குப் புரிந்தது. அவர் தட்டை வாசலிலேயே வைத்துவிட்டு அத்தை வீட்டுக்குச் சாப்பிடப் போனார். அம்மாவை இழந்த பிள்ளை; அன்றைக்கு அவர் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வளர்ந்த பிறகும், படித்துப் பொறியாளரான பிறகும், அவர் சின்னம்மா வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

நான் சாப்பிட்டேன். எனக்குப் பசி.

சின்னம்மா கெம்போங் மீனை வாங்கும்போதே பாதிச் சமையல் முடிந்துவிடும். கண் கலங்கியிருந்தால் தொடமாட்டார். செவுளைத் திறந்து சிவப்புப் பார்ப்பார். குடலைச் செவுள் வழியாகவே இழுத்து எடுப்பார். வயிற்றைக் கிழிக்கவே மாட்டார். கிழித்தால் அடிவயிற்றுக் கொழுப்பெல்லாம் குழம்பில் கரைந்து, மீன் சக்கையாகிவிடும் என்பார். உப்பும் மஞ்சளும் தேய்த்துக் கழுவி, இரண்டு பக்கமும் கீறி வைப்பார். மிளகாய், மல்லி, சீரகம், மிளகு, கொஞ்சம் வெந்தயம், எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து அரைப்பார். சின்ன வெங்காயமும் பூண்டும் நல்லெண்ணெயில் வதங்க வேண்டும். புளி கொதித்துப் பச்சை வாடை போக வேண்டும். அதற்குப் பிறகுதான் மீன் இறங்கும். மீன் இறங்கிய பின் கரண்டிக்கு வேலை கிடையாது. சட்டியின் விளிம்பைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுவார். எண்ணெய் மேலே தெளிந்து வந்ததும் அடுப்பை அணைத்துவிடுவார்.

ஊரில் எல்லாரும் தேங்காய்ப்பால் ஊற்றுவார்கள். அவர் கெம்போங்குக்கு ஊற்றமாட்டார். "மீனுலயே வேண்டிய எண்ணெ இருக்கு. பால ஊத்தி அத ஏன் மூடணும்?" என்பார். குழம்பில் எதையும் மூடக் கூடாது என்று நினைத்த ஒருவரைப் பற்றித்தான் அந்தப் பேச்சு கிளம்பியது.

எனக்குப் பரிமாறும்போது முதல் கவளத்தை என் தட்டிலிருந்து எடுத்து, மீனோடு பிசைந்து, என் கண் முன்னாலேயே அவர் சாப்பிடுவார். பிறகு தட்டை என் பக்கம் தள்ளுவார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் போலும் என்று நினைத்து வளர்ந்தேன். என் கல்யாணத்துக்குப் பிறகு என் கணவருக்கும் அவர் அப்படியே செய்தபோதுதான், அது எதற்காக என்று எனக்கு உறைத்தது.

உறவினர் வீட்டு விசேஷங்களுக்குச் சின்னம்மா முதல் ஆளாகப் போவார். பெண்கள் கூடிக் காய் நறுக்கும் இடத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்காருவார். யாராவது ஒருவர் சிரித்த முகத்தோடு வந்து, "நீங்க எதுக்குக்கா கஷ்டப்படறீங்க, அங்க ஒக்காந்து வெத்தல மடிங்க," என்பார். வெற்றிலையில் மருந்து வைக்க முடியாது என்று யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை. ஒவ்வொரு விசேஷத்திலும் சின்னம்மா வெற்றிலை மடித்தார். அவர் முகத்துக்கு நேரே யாரும் எதுவும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பார்.

அண்ணன் திருமணத்தில் தாயார் இடத்தில் அத்தை உட்கார்ந்தார். சின்னம்மா நான்காவது வரிசையில் இருந்தார். அப்பா கோபப்பட்டு மேடையை விட்டு இறங்கப் பார்த்தார். சின்னம்மாதான் கண்ணைக் காட்டி உட்கார வைத்தார்.

தோட்டம் வீடமைப்புக்குப் போனதும் நாங்கள் கோல சிலாங்கூரில் ஒரு தாமான் குடியிருப்புக்குக் குடிவந்தோம். சிறிய வீடு. பின்பக்கம் ஒரு கால்வாய், வேலிக்கு அந்தப் பக்கம் மலாய்க்கார அண்டைவீட்டார் கக் ரொஹானி, அதாவது ரொஹானி அக்கா. குழம்பு வாசனை பிடித்து வேலியோரம் வந்து நின்றவர் அவர். அவருடைய மார்க்கத்துக்கு எங்கள் வீட்டுச் சட்டி ஆகாது. அதைச் சொல்ல அவர் கூச்சப்படவில்லை. தம் வீட்டுப் புதுச் சட்டியையும் கரண்டியையும் மீனையும் கொண்டுவந்து கொடுத்து, "இதில் வைத்துத் தா," என்றார். சின்னம்மா வைத்துக் கொடுத்தார். வாரம் தவறாமல் அந்தச் சட்டி வேலியைத் தாண்டி வந்து போனது. வாங்கிச் சாப்பிட மனம் இருந்தால் வழி இருக்கிறது.

பிறகு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மாத்திரையை அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று மருத்துவர் சொன்னார். நானும் அண்ணனும் பக்கத்தில் நின்று கேட்டோம். அப்பா வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் அண்ணனும் அத்தையும் ஒருவரை அழைத்து வந்தார்கள். மருந்து எடுப்பவர் என்றார்கள். வந்தவர் சின்னம்மாவைப் பார்த்து, "வச்சவங்க உள்ள இருந்தா வெளிய வராது. கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா," என்றார்.

சின்னம்மா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சுவரைப் பார்த்தார். சின்னம்மா வெளியே போய் கேட்டுக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றார்.

அந்த ஆள் பச்சையாக எதையோ கரைத்து அப்பா வாயில் ஊற்றினார். அப்பா வாந்தி எடுத்தார். அதிலிருந்து ஒரு தலைமுடிச் சுருளை எடுத்துக் காட்டி, "எத்தன வருஷமா ஊறிக் கெடக்கு பாருங்க," என்றார். அத்தை மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். மருந்து எடுத்தவருடைய இடது கை, அவர் வந்ததிலிருந்தே மூடியே இருந்ததை நான் பார்த்தேன். வாய்விட்டும் சொன்னேன்.

"ஒனக்கும்தான் போட்டிருக்கா," என்றார் அத்தை. "அதான் அவளுக்காகப் பேசற."

சின்னம்மாவை யாராவது திட்டினால் அது நியாயம். யாராவது அவருக்காகப் பேசினால் அது மருந்து.

அவர்கள் போன பிறகு சின்னம்மா உள்ளே வந்து, வாந்தியைத் துடைத்து, அப்பாவுக்கு வேட்டி மாற்றினார். அப்பா குழறிய வாயால் எதையோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. "மீனு கேக்குறாரு," என்றார் சின்னம்மா. அன்று மாலையே குழம்பு வைத்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்து, சோற்றோடு மசித்து ஊட்டினார். அப்பா கண் மூடும் வரை, ஆண்டுக்கணக்கில் அப்படித்தான் ஊட்டினார். அப்பாவுக்குப் பின் சில ஆண்டுகளில் அத்தையும் காலமானார். அந்தப் பேச்சு மட்டும் அவரோடு போகவில்லை.

அண்ணன் மகள் துர்கா பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தாள். அண்ணன் வீடு புக்கிட் பெருந்துங்கில். எங்கள் வீடு அவளுக்குக் கிட்டம். ஒரு சனிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல், வாடகைக் கார் பிடித்து வந்து இறங்கினாள். அதுவரை அவள் சின்னம்மாவைத் திருமண மண்டபங்களில் மட்டுமே பார்த்திருந்தாள்.

"ஒங்கப்பாவுக்குத் தெரியுமா தாயி?" என்று சின்னம்மா கேட்டார்.

"தெரியும் பாட்டி," என்றாள். அண்ணனுக்குத் தெரியாது.

சின்னம்மா அன்று கெம்போங் குழம்பும், தம்பான் பொரியலும் வைத்தார். முதல் கவளத்தை எடுத்து வாயில் போட்டார். "ஏன் பாட்டி நீங்க மொதல்ல சாப்பிடறீங்க?" என்று துர்கா கேட்டாள். "பழக்கம்," என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். சின்னம்மா அடுப்படியில் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அண்ணன் இரத்தத்தில் ஒருவர் சின்னம்மா கையால் வாங்கிச் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு துர்கா அடிக்கடி வந்தாள். மீன் ஆயக் கற்றுக்கொண்டாள். சின்னம்மா சட்டியைச் சுற்றுவதை வீடியோ எடுத்து, கைப்பேசி ஸ்டேட்டஸில் போட்டாள். அதை அண்ணன் பார்த்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் காரை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தி இறங்கினார். நானும் சின்னம்மாவும் துர்காவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"எழுந்திரு," என்றார் மகளிடம்.

"பா, சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

சின்னம்மா நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஒக்காருய்யா. வெயில்ல வந்திருக்க. ஒரு வாய் சாப்பிட்டுப் பேசலாம்."

"எங்கப்பாவ மயக்குனது பத்தல. இப்ப எம் புள்ளயா?"

"அண்ணே, என்ன பேசறீங்க," என்றேன்.

"நீ பேசாத. நீ எப்பவோ அவங்க பக்கம் போயிட்ட."

துர்கா எழுந்தாள். "பா, நீங்க எஞ்சினியர் லா. தாத்தாவுக்கு பிரஷர்னு டாக்டர் சொன்னத நீங்கதானே எங்கிட்ட சொன்னீங்க. அப்புறம் எப்படி இப்படி நம்புறீங்க?"

அண்ணன் அடுப்படிக்குப் போய், குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்க் கால்வாயில் எறிந்தார். மண்சட்டி உடைந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் கக் ரொஹானி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர், அப்படியே நின்றுவிட்டார். அண்ணன் கையை உதறினார், சுட்டிருக்க வேண்டும்.

"கைய தண்ணில காட்டுய்யா," என்றார் சின்னம்மா. "கொப்புளம் போட்டுரும்."

அவர் காட்டவில்லை. மகளை இழுத்துக்கொண்டு போய்விட்டார். சின்னம்மா வாளியில் தண்ணீர் பிடித்துக் கால்வாயைக் கழுவிவிட்டார். வாடை அண்டைவீட்டாருக்குத் தொந்தரவாக இருக்கும் என்றார்.

அன்றோடு அவர் மீன் சமைப்பதை நிறுத்தினார். கக் ரொஹானி சட்டியை நீட்டியபோதும் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார். நான் கெஞ்சினேன், கோபப்பட்டேன். ஒரே பதில்தான்.

"நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் என் கொழம்புலதான் வந்து நிக்கும். எனக்கு வயசாயிருச்சு. இனிமே தாங்காது."

உள்ளூர அவரை அரித்துக்கொண்டிருந்த பயம் எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். பழியையும் மண்டபங்களில் நான்காவது வரிசையையும் தாங்கிக்கொண்டவர், ஒரு பேத்தி ஆசையாகச் சாப்பிட்டதைத் தாங்கிக்கொள்ள முடியாமல் போனார். அதற்கு மேல் வீட்டில் பருப்பும் கீரையும்தான். கைப் பக்குவம் அப்படியே இருந்தது. மனம் விட்டுப்போயிருந்தது.

அடுத்த ஆண்டு அவருடைய இருதயம் பலவீனமானது. கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. மருத்துவமனையில் சேர்த்தோம். கடைசி நாட்களில் எதைக் கொடுத்தாலும் தலையை ஆட்டி மறுத்துவிடுவார். அவர் போவதற்கு முந்தின நாள் மாலை அண்ணன் வந்தார். கையில் ஒரு டிபன் பாத்திரம். அதில் கஞ்சி இருந்தது.

கட்டிலருகில் வந்து நின்றார். சின்னம்மா என்னைப் பார்த்துத் தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னார். நான் கரண்டியில் எடுத்துக் கொடுத்தேன். என்ன, எது, யார் செய்தது என்று கேட்காமல் வாயைத் திறந்தார். மூன்று கரண்டி சாப்பிட்டார். பிறகுதான் கேட்டார்.

"யாரு வச்சது?"

"உங்க மருமக," என்றார் அண்ணன்.

"நல்லா இருக்குன்னு சொல்லு."

அண்ணன் வராந்தாவுக்குப் போய்விட்டார். அழுதார் என்று அவரோடு வந்திருந்த துர்கா பிறகு சொன்னாள். நான் போய்ப் பார்க்கவில்லை.

மறுநாள் மதியம் சின்னம்மா காலமானார். அண்ணன்தான் கொள்ளி வைத்தார். எந்தக் குறையும் வைக்காமல் எல்லாச் சடங்கும் செய்தார். மூத்த பிள்ளை இருந்து கடமையைச் செய்துவிட்டான் என்று உறவினர்கள் மெச்சிக்கொண்டார்கள். கருமாதிக்குக் கேட்டரிங்கில் சாப்பாடு சொல்லியிருந்தோம், படையலுக்கு மீன் குழம்பும் உண்டு. சமைத்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே யாரும் தயங்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டு வாங்கியவர்களில், முன்பெல்லாம் சின்னம்மா சாப்பிடக் கூப்பிட்டால் விரதம் என்று சொல்லி நழுவியவர்களையும் பார்த்தேன்.

நான் இதை எழுதுகிறேன் என்று தெரிந்து அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார். "பழச எல்லாம் எழுதாத. அவங்க அத விரும்ப மாட்டாங்க," என்றார். உண்மைதான், விரும்பியிருக்கமாட்டார். "அவங்க இருந்தப்ப நீங்க எல்லாரும் பேசினீங்க அண்ணே. நான் ஒரு தடவ எழுதிக்கிறேன்," என்றேன். "சரி, எழுது," என்றார். அதற்காக அவருக்கு நன்றி. கொள்ளி வைத்ததற்கும் நன்றி. மற்றவற்றை மறக்க எனக்கு இன்னும் காலம் வேண்டும்.

சின்னம்மாவின் இறுதி நாட்களில் பரிவோடு பார்த்துக்கொண்ட தாதியருக்கும், வீட்டு வாசலில் கூடாரம் போட்டு, நாற்காலி அடுக்கி, வெயிலில் நின்று உழைத்த தாமான் இளைஞர்களுக்கும், தேவாரம் பாடிய அன்பர்களுக்கும் எங்கள் நன்றி. நல்ல மீன் வந்தால் சின்னம்மாவுக்கென்று எடுத்து வைத்த ஜெராம் மீன்கடைக்காரர் ஆ செங்குக்கு நன்றி. பாடையோடு தெருமுனை வரை அழுதுகொண்டே நடந்து வந்த கக் ரொஹானிக்கு நன்றி. தன் அப்பா கூப்பிட்டும் அவர் காரில் ஏறாமல், மயானம் வரை என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த துர்காவுக்கு நன்றி.

அன்றொரு காலத்தில் ஜெராமில் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போன, பெயர் தெரியாத லோரி ஓட்டுநர்களுக்கும், பிறகு எங்கள் வீட்டில் எப்போதாவது கை நனைத்த ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு நன்றி. நீங்கள் சாப்பிட்டுவிட்டு மறந்திருப்பீர்கள். அவர் உங்களில் ஒருவரையும் மறக்கவில்லை.

இப்படிக்கு,
அவர் மகள்